பழி காந்தத்துக்கு, பாவம் ரேடியோவுக்கு

1948-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு இயற்பியலாளர்கள் மாற்றி மாற்றித் தங்கள் தலையை ஒரு ராட்சசக் காந்தத்துக்குள் நுழைத்துப் பார்த்தார்கள். ஒருவர் எட்வர்ட் பர்செல், இன்னொருவர் நார்மன் ராம்சே. காந்தம் அங்கிருந்த சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியுடையது. பலம் 2 டெஸ்லா. தலையைச் சுற்றி ரேடியோ அலை பாய்ச்ச ஒரு கம்பிச்சுருள். ஏன் இந்த வேலை என்று கேட்டால், காந்தம் சும்மா இருந்தது, தலையும் சும்மா இருந்தது. உள்ளே போய்விட்டு வந்தவர்கள் சொன்ன ஒரே அனுபவம்: தலையை விடும்போதும் எடுக்கும்போதும் பல்லில் அடைத்திருந்த உலோகத்தில் சுருக்கென்று மின்சாரம். பிற்காலத்தில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பல்லுக்கு ஒன்றும் இல்லை.

மண்டைக்குள் உலோகத்தை வைத்துக்கொண்டு காந்தத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கே ஒரு சோதனை நடந்துவிட்டது, எதைச் சோதிக்கிறோம் என்று தெரியாமலே. அதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம்: காந்தத்தின் மேல் ஒரு கண் வை. பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்த ரேடியோச் சுருளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அடுத்த ஐம்பது வருஷம் அது அந்தச் சலுகையிலேயே காலம் தள்ளியது.

அதே மாதிரிக் காந்தமும் ரேடியோவும் சேர்ந்ததுதான் பிற்பாடு வந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதைக் கண்டுபிடித்த பெரியவர்களின் கதை தனிக் கூத்து. 1971-ல் பால் லாட்டர்பர் பென்சில்வேனியாவில் ஒரு ஹாம்பர்கர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கினால் உடம்பின் உட்புறத்தைப் படமாக வரையலாமே என்று பொறி தட்டியது. கட்டுரையை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள். மல்லுக்கட்டி 1973-ல் வெளியிட வைத்தார். அவருடைய பல்கலைக்கழகமோ, காப்புரிமைக்குக் கட்டும் பணம்கூடத் தேறாது என்று அந்தப் பக்கமே போகவில்லை. உலகத்தின் ஆஸ்பத்திரிகள் எல்லாம் பிறகு வரிசையில் நின்று வாங்கிய சரக்கு அது.

இன்னொரு பக்கம் நியூயார்க்கில் ரேமண்ட் டமேடியன். அவர் கட்டிய இயந்திரத்துக்கு 'இண்டாமிட்டபிள்' என்று பெயர் வைத்தார். அடங்காப்பிடாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகத் தானே உள்ளே உட்கார்ந்தார். ஒரு சிக்னலும் வரவில்லை. அவர் கொஞ்சம் பூசினாற்போல இருப்பதுதான் காரணம் என்று முடிவாயிற்று. அடுத்து லாரி மின்காஃப் என்ற ஒல்லி மாணவர் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். குருவுக்கு ஏதாவது ஆகிறதா என்று அவர் சில வாரங்கள் பொறுத்திருந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே குருபக்தி பொங்கியது. 1977 ஜூலை 3 அன்று கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, தன் மார்பின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை உலகுக்கு வழங்கினார். அடுத்த வருஷம் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, ஆபத்து என்று எச்சரித்தவர்களைக் கண்டுகொள்ளாமல் தன் இயந்திரத்துக்குள் தானே நுழைந்தார்.

2003-ல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமேடியன் பெரிய பெரிய நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, தலைகீழாக ஒரு நோபல் பதக்கத்தின் படத்தைப் போட்டு, அநியாயம் என்று முறையிட்டார். ஸ்டாக்ஹோம் அசையவில்லை.

இந்தச் சண்டையில் எல்லோரும் ஒத்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை: உள்ளே படுக்கிற ஆள் சுத்தமான சதையும் எலும்புமாக இருப்பார். ஒல்லியாக இருக்கலாம், குண்டாக இருக்கலாம். மண்டைக்குள் கம்பி இருக்கும் என்று மட்டும் எவரும் கனவு காணவில்லை.

அந்தக் கனவை வேறு ஊர்களில் வேறு சிலர் கண்டுகொண்டிருந்தார்கள். மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் ஆசை பழையது. முதல் நூற்றாண்டு ரோமில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தீராத தலைவலிக்கு மின்சார மீனை உயிரோடு நெற்றியில் வைக்கச் சொன்னார். 1963-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹோசே டெல்காடோ ஸ்பெயினில் ஒரு காளையின் மூளையில் மின்முனைகளைச் செருகி, அதில் ரேடியோ வாங்கியை இணைத்து, கையில் ஒரு பொத்தானோடு மைதானத்தில் இறங்கினார். சீறி வந்த காளை, பொத்தானை அழுத்தியதும் பிரேக் போட்டு நின்றது. நாளிதழ்கள் கொண்டாடின. நான் இதை வேறு காரணத்துக்காகக் குறித்து வைத்திருக்கிறேன்: வெளியே இருக்கும் ரேடியோ, மண்டைக்குள் இருக்கும் கம்பியோடு பேச முடியும் என்பதை அந்தக் காளை ஊரறிய நிரூபித்துவிட்டது. சாட்சி சொல்ல அதை யாரும் கூப்பிடவில்லை. அதற்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டிய அவசியமும் வரவில்லை.

மனிதருக்கு வருவோம். 1987, பிரான்ஸின் கிரனோபிள் நகரம். அலிம்-லூயி பெனாபிட் நரம்பியல் அறுவை நிபுணர். இயற்பியலிலும் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தக் காலத்தில் கை நடுக்கத்துக்கு மூளையின் தாலமஸில் ஒரு துளி இடத்தைச் சுட்டுப் பொசுக்கிவிடுவது வழக்கம். பொசுக்கும் முன், சரியான இடம்தானா என்று மின்முனையால் லேசாகத் தூண்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் பெனாபிட் தூண்டலின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார். நொடிக்கு நூறு துடிப்பு என்ற அளவில் கை சட்டென்று நின்றது. ஏதோ ஏடாகூடம் செய்துவிட்டோம் என்று பயந்து அவர் மன்னிப்புக் கேட்டாராம். நோயாளிக்கோ பரம சந்தோஷம். தன் கை ஆடாமல் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

பொசுக்க வேண்டாம், கம்பியை உள்ளேயே விட்டுவிட்டுத் தொடர்ந்து தூண்டலாம் என்ற யோசனை அப்படிப் பிறந்தது. ஆழ்மூளைத் தூண்டல் என்று பெயர் வந்தது. மூளையின் அடியாழத்தில் 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி; அது மண்டையோட்டுத் துளை வழியே மேலேறி, தலைத்தோலுக்கு அடியில் ஓடி, காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து வழியாகக் காறை எலும்புக்குக் கீழே இருக்கும் பேட்டரிப் பெட்டியில் போய்ச் சேரும். 1997-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நடுக்கத்துக்கு இதை அனுமதித்தது. 2002-ல் பார்க்கின்சன் நோயின் மற்ற தொல்லைகளுக்கும்.

இதற்குள் எம்.ஆர்.ஐ. ஊர் ஊராகப் பரவிவிட்டது. இனிமேல்தான் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கப் போகின்றன.

காந்தத்துக்கு அப்போது ஏற்கெனவே கெட்ட பெயர் இருந்தது, நியாயமாகத்தான். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. மூளை ரத்தநாள வீக்கத்துக்குக் கிளிப் போட்டிருந்த ஒரு நோயாளி, அந்தக் கிளிப் காந்தத்தில் திரும்பியதால் ஸ்கேன் அறையிலேயே பாதிக்கப்பட்டு இறந்தார். 1993-ல் இது கதிரியக்க மருத்துவ இதழில் பதிவானது. கிளிப் எந்த வகை என்று ஏட்டில் இருந்தது ஒன்று, மண்டைக்குள் இருந்தது வேறொன்று. அதன் பிறகு ஸ்கேன் வாசலில் நின்று சாவி, கம்மல், கொலுசு, ஹேர்பின் என்று ஒன்றுவிடாமல் கேட்கும் சடங்கு கெட்டிப்பட்டது. கேட்கத்தான் வேண்டும்.

மூளைக் கம்பிக்காரர்கள் இந்தச் சடங்கில் தலை நிமிர்ந்து நின்றார்கள். கம்பியின் முனைகள் பிளாட்டினமும் இரிடியமும் கலந்தவை. காந்தம் சீந்தாத ஜாதி. இழுக்காது, திருப்பாது. பேட்டரிப் பெட்டியில் மட்டும் சின்னச் சிக்கல்: பழைய மாடல்களில் காந்தம் பட்டால் ஆன்-ஆஃப் ஆகும் சுவிட்ச் உண்டு, ஸ்கேனருக்குள் அது தன் இஷ்டத்துக்கு அணைந்து அணைந்து எரியும். அதை முன்கூட்டியே அணைத்துவிட்டால் தீர்ந்தது. காந்தம் பாஸ். உள்ளே போகலாம்.

ரேடியோ உள்ளேதான் காத்திருந்தது.

எம்.ஆர்.ஐ.யில் காந்தம் செய்வது அடிப்படையில் ஒரே வேலை: உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் கருக்களை ஓர் ஒழுங்கில் வைப்பது. படம் பிடிப்பது ரேடியோ. கிலோவாட் கணக்கில் துடிப்பு துடிப்பாக அலையை அனுப்பி, அந்தக் கருக்களை உசுப்பி, அவை திருப்பி முனகுவதைக் கேட்டுப் படமாக்குகிறார்கள். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அந்த அலை ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ். பழைய தூர்தர்ஷன் வந்த விஎச்எஃப் வட்டாரம். மொட்டைமாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பியபடி "இப்ப தெரியுதா?" என்று கீழே குரல் கொடுத்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கம்பியின் நீளமும் அலையின் நீளமும் பொருந்தினால் கம்பி அலையை வாரி வாங்கும். அந்த மாடிக் கம்பிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டியிருந்தது. உடம்பு நிறையத் தண்ணீர் இருப்பதால் அலை உள்ளே நுழைந்ததும் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கால் மீட்டர் கம்பியே ஆண்டெனா ஆகிவிடும். மூளையிலிருந்து மார்பு வரை ஓடுவதோ அதைவிட மூன்று மடங்குக்கு மேல்.

வாங்கிய மின்னோட்டம் எங்கே போகும்? கம்பி நெடுக உறை போட்டிருக்கிறது. திறந்திருப்பது மூளையின் அடியில் இருக்கும், ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள நான்கு முனைகள் மட்டும். அத்தனையும் அந்தச் சின்ன இடத்தில் திசுவுக்குள் பாய்ந்து சூடாகிறது. பெனாபிட் எந்தப் பொசுக்கலைத் தவிர்க்க இந்தக் கம்பியை உள்ளே விட்டாரோ, அதே பொசுக்கலை ஸ்கேனர் கேட்காமலே செய்துகொடுக்கத் தயாராக இருந்தது. எவ்வளவு ஆழத்தில், எந்த அளவில் என்று கேட்டுக்கொள்ளும் பண்பு மட்டும் அதற்கு இல்லை.

முதல் அடி ஸ்கேனரிடமிருந்து வரவில்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பியிடமிருந்து வந்தது. டயாதெர்மி என்று ஒரு கருவி, வலியுள்ள தசைக்கு ரேடியோ அலையால் ஒத்தடம் கொடுப்பது. அமெரிக்காவில் மூளைக் கம்பி வைத்திருந்த ஒருவருக்குப் பற்களை எடுத்த பிறகு தாடைப் பக்கம் இந்த ஒத்தடம் கொடுத்தார்கள். மின்முனைகளைச் சுற்றியிருந்த மூளைத் திசு கடுமையாகச் சேதமானது. 2001-ல் இது மருத்துவ இதழில் வந்தது. மறு வருஷக் கடைசியில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டபோது இரண்டு மரணங்கள் கணக்கில் இருந்தன. பல் வலியை ஆற்ற வந்த சூடு மூளைக்குப் போகும் என்று எந்தப் பிசியோதெரபிஸ்ட் நினைப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டியோடு வந்த கையேட்டில் கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டிய செய்தி அது.

பிறகு ஸ்கேனரின் முறை. ஜெர்மனியில் ஒருவருக்கு 1 டெஸ்லா இயந்திரத்தில் தலையை ஸ்கேன் செய்தபோது ஒரு கால் தானாக முறுக்கி வீசத் தொடங்கியது. சில வாரங்களில் அடங்கிவிட்டது. 2003-ல் பதிவானது. 2005-ல் பதிவான அமெரிக்க நோயாளிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருக்கு எடுத்தது இடுப்புப் பக்க முதுகுத்தண்டின் படம். தலையில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் உடம்பு முழுக்க அலை பாய்ச்சும் பெரிய சுருளைப் போட்டார்கள். மார்பிலும் கழுத்திலும் ஓடிய கம்பி அதை வாங்கி மேலே கொண்டுபோய்விட்டது. மின்முனையைச் சுற்றி ரத்தக்கசிவு, நிரந்தரப் பாதிப்பு. படம் எடுத்தது முதுகை, சுட்டது மூளையை. அந்த வருஷமே எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கை விட்டது.

இனி நாயகனை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் இல்லை, நாடி இல்லை, ஜெல்லியால் ஆனவர். தலையும் உடம்புமாக மனித வடிவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் உப்புக் கலந்த கொழகொழ ஜெல், அதற்குள் நிஜ மூளைக் கம்பியும் நுண்ணிய வெப்பமானிகளும். அமெரிக்காவில் அலி ரெசாய் குழுவினர் இந்த ஜெல்லி மனிதரை 1.5 டெஸ்லா ஸ்கேனருக்குள் படுக்கவைத்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தலைச் சுருளில் அலை பாய்ச்சினால் அதிகபட்சம் 7 டிகிரி ஏற்றம். உடம்புச் சுருளில், மோசமான அமைப்பில், 25 டிகிரி. 37-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். ஜெல்லி மனிதருக்கு ரத்த ஓட்டம் இல்லை, சூட்டை அடித்துக்கொண்டு போக வழியில்லை என்பது உண்மை. கொடுத்த அலையும் வேண்டுமென்றே தூக்கலாக வைத்தது. இருந்தும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு "பிளாட்டினம்தான், ஒன்றும் ஆகாது" என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

அதே சோதனைகளில் ஓர் அதிசயமும் அகப்பட்டது. மிச்சக் கம்பியை மண்டையோட்டுத் துளையைச் சுற்றி இரண்டு மூன்று வளையமாகச் சுருட்டி வைத்தால் சூடு கணிசமாகக் குறைகிறது. கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த கருவியின் ஆபத்தைக் குறைக்க, தைக்கும் முன் கம்பியைச் சுருட்டும் விதத்தில் வழி இருந்தது. அதுவரை அந்தச் சுருட்டல் அந்தந்த டாக்டரின் கைப்பழக்கம். அழகாகச் சுருட்டியவர், அவசரமாகச் சுருட்டியவர், சுருட்டாமல் நீட்டிவிட்டவர் என்று அவரவர் ரசனையின்படி நோயாளிகளின் ஆண்டெனா அமைந்துகொண்டிருந்தது.

கம்பி தயாரித்த மெட்ரானிக் நிறுவனம் விதிகளை இறுக்கியது. 1.5 டெஸ்லா மட்டும், தலைச் சுருள் மட்டும், ஒரு கிலோ திசுவுக்கு 0.1 வாட் மட்டும். சாதாரண ஆளின் தலைக்கு 3.2 வாட் வரை அனுமதி. இவர்களுக்கு அதில் 32-ல் ஒரு பங்கு. அந்தப் பிச்சைக்காசு அலையில் படம் எடுத்தால் நேரம் இழுக்கும், படம் மங்கும். முதுகு, முழங்கால், வயிறு எதுவும் கிடையாது. பார்க்கின்சன் நோயாளிகள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுக்கு வலிப்பதெல்லாம் முதுகும் முழங்காலும்தான்.

அந்த வாட் கணக்கும் சத்தியசந்தமாக இல்லை. ஸ்கேனர் திரையில் காட்டும் எண் அளந்தது அல்ல, கம்ப்யூட்டர் ஊகித்தது. ஒரே கம்பியை வேறு வேறு ஸ்கேனர்களில் வைத்துப் பார்த்தவர்கள், திரையில் ஒரே எண் ஓட உள்ளே வேறு வேறு சூடு ஏறியதைக் கண்டு தலையில் கை வைத்தார்கள். பிற்பாடு அலையின் காந்த வலிமையையே நேரடியாகக் கணக்கிடும் வேறொரு அளவைக்கு மாறியது இதனால்தான்.

டாக்டர்களில் இரண்டு கட்சி உருவானது. ஒரு கட்சி எச்சரிக்கையைப் படித்துவிட்டுக் கம்பி வைத்தவரை ஸ்கேன் அறைப் பக்கமே விடவில்லை. இன்னொரு கட்சி, கம்பி சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.யை விட்டால் வேறு கதியில்லை என்று விதியைத் தாண்டியே எடுத்துக்கொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோக் குழு ஒன்று 2008-ல் கணக்குக் காட்டியது: 405 நோயாளிகள், 1,071 ஸ்கேன்கள், ஒருவருக்கும் பாதிப்பில்லை. அவர்கள் கைதேர்ந்தவர்கள், எந்தக் கம்பி எங்கே எப்படிச் சுருண்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள். இந்த எண்ணைக் காட்டி, முதல் கட்சி வீணாகப் பயந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1,071 என்பது ஜெல்லி மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத எண்.

2015 டிசம்பரில் மெட்ரானிக்கின் சில மாடல்களுக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. அனுமதி வந்தது, 1.5 டெஸ்லாவில், நிபந்தனைகளோடு. 2020-ல் 'பெர்செப்ட்' என்ற புதுப் பெட்டிக்கு 3 டெஸ்லாவும் திறந்தது. 3 டெஸ்லா என்றால் இரட்டிப்பு ஆபத்து என்று யோசிப்பது இயல்பு. ரேடியோ அப்படிக் கூட்டிக் கழித்து நடந்துகொள்வதில்லை. அலைவரிசை 128 மெகாஹெர்ட்ஸ் ஆகும்போது அலை பாதியாகச் சுருங்குகிறது, எந்த நீளக் கம்பி ஆண்டெனாவாகும் என்பதே மாறிவிடுகிறது. ஒரு கம்பி 1.5-ல் கொதித்து 3-ல் சும்மா இருக்கலாம், இன்னொன்று நேர்மாறாக. டெஸ்லா எண்ணைப் பார்த்து பயத்தை அளப்பது காந்தக் காலத்துப் பழக்கம்.

ஆகவே இன்றைக்கு ஸ்கேன் சென்டரில் உட்காரும் டெக்னீஷியன், கொலுசோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பெட்டியின் மாடல் எண், கம்பியின் மாடல் எண், இணைப்புக் கம்பியின் நீளம் வேண்டும். பெட்டியில் தூண்டலை நிறுத்தி வைத்தார்களா, வேண்டிய நிலைக்கு மாற்றினார்களா என்று பார்க்கவேண்டும். மின்தடையைச் சோதித்து எங்காவது கம்பி அறுந்திருக்கிறதா என்று உறுதி செய்யவேண்டும், ஏனென்றால் அறுந்த கம்பி வேறு நீளத்துக்கு ஆண்டெனா. பெட்டியை எடுத்துவிட்டுக் கம்பியை மட்டும் உள்ளே விட்டுவைத்திருந்தால், "அதான் கரண்ட்டே இல்லையே சார்" என்று நோயாளியின் மகன் வாதாடுவார். அவருக்கும் கதவு எளிதில் திறக்காது. கரண்ட்டை அந்தக் கம்பி பேட்டரியிடம் கேட்டு வாங்கப் போவதில்லை.

இதில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள், பழைய கம்பியை மூளையில் வைத்துக்கொண்டு பேட்டரி தீர்ந்ததும் புதுப் பெட்டி வாங்கியவர்கள். பெட்டிக்கு 2020-ன் தாராளம், கம்பிக்கு 2005-ன் கெடுபிடி. இரண்டில் எது பொருந்தும் என்று கேட்டால், கடுமையானதுதான். பெட்டி ஒரு கம்பெனி, கம்பி இன்னொரு கம்பெனி என்றால் இரண்டு கையேட்டிலும் பெரும்பாலும் அந்த ஜோடிக்குப் பக்கமே கிடையாது.